மயிலம்மாள் நிற்கும் இடம்

காண்ட்ராக்டர் முருகானந்தம் மயிலம்மாளுக்குக் கொடுக்க வேண்டியிருந்தது பதின்மூன்றாயிரத்து நானூற்று ஐம்பது ரூபாய். ஸ்ரீரங்கத்தில் ஒரு சந்துக்குள் எழும்பிய வீட்டில் பத்தொன்பது நாள் சித்தாள் கூலி, நாளுக்கு எழுநூறு வீதம் பதின்மூன்றாயிரத்து முந்நூறு. மிச்சம் நூற்றைம்பது கூலி இல்லை. சைட்டில் குடிதண்ணீர்க் குடம் உடைந்த அன்று, எல்லாரும் தாகத்தில் கிடக்கிறோமே என்று மயிலம்மாள் கைக்காசு போட்டு ஒரு நீல பிளாஸ்டிக் குடம் வாங்கி வந்தாள். அதன் விலை. “சேத்துக் குடுத்துடறேன்க்கா” என்றார் முருகானந்தம். சேர்த்தும் கொடுக்கவில்லை, பிரித்தும் கொடுக்கவில்லை.

நான் சந்திரம்மாள். நானும் அதே சைட்டில்தான் மண் சுமந்தேன், செங்கல் சுமந்தேன். எங்களுக்கெல்லாம் சனிக்கிழமையானால் கூலி வந்துவிடும். மயிலம்மாள் மட்டும், வாரக்கூலி கையில் நிற்க மாட்டேன் என்கிறது, மொத்தமாக வாங்கினால் வாடகை பாக்கியை அடைத்துவிடலாம் என்று அவரிடமே விட்டுவைத்தாள். எங்கள் ஆட்கள் நிறையப் பேர் அப்படிச் செய்வதுண்டு. காண்ட்ராக்டர் கையை பேங்கு என்று நினைத்துக்கொள்வது.

முருகானந்தத்துக்கு அதில் ஒரு பழக்கம் இருந்தது. பத்துப் பேருக்குச் சரியாகக் கொடுப்பார், ஒருத்தரை நிறுத்தி வைப்பார். பத்துப் பேர் வாயைத் திறக்க மாட்டார்கள். ஒருத்தர் வாயைத் திறந்தால் யாருக்கும் கேட்காது.

மயிலம்மாள் கேட்டபோது, “வீட்டுக்காரம்மா பணம் போடலக்கா, போட்டதும் முதல் காசு உனக்குத்தான்” என்றார். அப்புறம் போன் எடுப்பதை நிறுத்திவிட்டார். ஒரு நாள் காலையில் எடமலைப்பட்டி புதூரில், நாங்கள் வேலைக்குக் கூடி நிற்கும் டீக்கடை முன்னால், எல்லார் எதிரிலும் மறித்துக் கேட்டாள். அவருக்கு முகம் சிவந்துவிட்டது.

“இனிமே இந்தம்மா என் சைட்டுல கால் வைக்கக் கூடாது” என்று சொல்லிவிட்டு வண்டியில் ஏறிவிட்டார்.

அவள் குடியிருந்தது ஒற்றை அறை வீடு. அவளும் பிளஸ் டூ படிக்கிற மகள் கனிஷ்காவும். அடுத்த ஞாயிற்றுக்கிழமைக்குள் வாடகை பாக்கி வரவில்லையென்றால் சாமான் தெருவுக்கு வந்துவிடும் என்று வீட்டுக்காரர் நாள் குறித்துவிட்டார். சும்மா மிரட்டவில்லை என்று காட்டுவதற்காக அவளுடைய மாவரைக்கிற கிரைண்டரை முதலிலேயே வாசலில் தூக்கி வைத்திருந்தார்.

அன்றைக்கு டீக்கடை முன்னால் நாங்கள் ஒரு முடிவு எடுத்தோம். மயிலுக்குக் காசு வருகிற வரைக்கும் யாரும் முருகானந்தம் அனுப்புகிற குட்டியானை வண்டியில் ஏறக் கூடாது. கற்பூரம் ஏற்றிச் சத்தியம் செய்யாததுதான் குறை. எங்களுக்குள் சின்னவளான வேணிதான் அதிகமாகப் பேசினாள். கொத்தனார் வீரமலை அண்ணன் மட்டும் வாயில் வைத்த பீடியை எடுக்காமல், “பேசுறது சுளுவு. மூணு நாள் பாப்போம்” என்றார்.

திங்கள் யாரும் ஏறவில்லை. செவ்வாயும் ஏறவில்லை. வேறு வேலையும் அமையவில்லை. புதன்கிழமை குட்டியானை வந்து நின்றது. டிரைவர் ஹாரன்கூட அடிக்கவில்லை, எங்களைப் பார்த்துக்கொண்டு சும்மா இருந்தான்.

முதலில் ஏறியது நான். இதை வேறு யார் மேலாவது போட்டுச் சொல்லியிருக்கலாம், யாரும் கண்டுபிடிக்கப் போவதில்லை. ஆனால் நான்தான் ஏறினேன். வீட்டில் அரிசி இருந்தது, மாத்திரை தீர்ந்திருந்தது. என் பின்னால் ஒவ்வொருவராக ஏறினார்கள். மயிலம்மாள் கீழே நின்றாள்.

“ஏறுங்கடி” என்றாள். “நீங்க பட்டினி கெடந்தா என் கிரைண்டர் உள்ள போயிடுமா?”

வண்டி நகர்ந்த பிறகும் கொஞ்ச தூரம் வரைக்கும் அவள் தெரிந்தாள். நான் கம்பியைப் பிடித்துக்கொண்டு வேறு பக்கம் பார்த்தேன்.

வெள்ளிக்கிழமை அந்த ஸ்ரீரங்கத்து வீட்டுக்குக் கான்கிரீட் கூரைத் தளம் போடுகிற நாள். கட்டட வேலையில் மற்ற நாளெல்லாம் ஒரு மாதிரி, தளம் போடுகிற நாள் வேறு மாதிரி. பெரிய சைட் என்றால் லிஃப்ட் வைத்த மிக்ஸர் கலவையை மேலே தூக்கிவிடும். இந்தச் சந்துக்குள் அது நுழையாது. அதனால் பழைய முறைதான். சந்து முனையில் மிக்ஸர் ஓடும். அங்கிருந்து மாடி வரைக்கும் பதினெட்டுப் பேர் வரிசையாக நிற்போம். இரும்புச் சட்டியில் கலவை ஒருவர் கையிலிருந்து அடுத்தவர் கைக்கு ஏறிக்கொண்டே போகும், காலிச் சட்டி கைப்பிடிச்சுவர் ஓரமாக வழுக்கிக்கொண்டு கீழே வரும். யாரும் யாரையும் பார்ப்பதில்லை. பார்த்தால் கை பிந்திவிடும். வாங்க வேண்டிய கை எங்கே இருக்கும் என்று கொடுக்கிற கைக்குத் தெரியும்.

படிக்கட்டு திரும்புகிற இடத்தில் மட்டும் ஒரு சிரமம். சட்டியைச் சுவர் பக்கமாக வாங்கி, உடம்பை முறுக்கி, இடது பக்கம் தூக்கிக் கொடுக்க வேண்டும். வலக்கைக்காரர் நின்றால் அரைமணியில் இடுப்பு விட்டுப்போகும். மயிலம்மாளுக்கு இடக்கைப் பழக்கம். ஆறேழு வருஷமாக எங்கள் ஆட்கள் போட்ட எந்தத் தளத்திலும் திருப்பத்தில் நின்றது அவள்தான். அவளுக்குக் கீழே வேணி, அவளுக்கு மேலே நான்.

வீட்டுக்கார அம்மா ஆனந்தவள்ளி, பொன்மலை ரயில்வே பட்டறை ஆபீஸில் வேலை பார்த்து ரிட்டயர் ஆனவர். வீடு முடிகிற வரை தென்னூரில் வாடகைக்கு இருந்தார். ராகு காலம் பத்தரைக்கு, அதற்குள் முதல் சட்டி விழுந்துவிட வேண்டும் என்று சொல்லியிருந்தார். எலுமிச்சம்பழமும் சூடமும் தாம்பாளத்தில் தயாராக இருந்தன. மிக்ஸர்காரர் பரக்கத் அலி மெஷினைத் தட்டிக்கொடுத்தபடி, “இதுக்கு நல்ல நேரமும் தெரியாது, ராகு காலமும் தெரியாது. மணிக்கணக்கு வாடகைதான் தெரியும். சீக்கிரம் நில்லுங்க” என்றார்.

ஒன்பதேகாலுக்கு நின்றோம். மெஷின் சுற்றியது. முதல் சட்டி கீழேயிருந்து ஏறி வந்தது. வேணி வாங்கினாள், வீசிக் கொடுத்தாள்.

சட்டி படியில் விழுந்தது.

கலவை தெறித்து இரண்டு படி வழிந்தது. வேணி தன் வெறுங்கையைப் பார்த்தாள், அப்புறம் எனக்கும் தனக்கும் நடுவில் இருந்த இடத்தைப் பார்த்தாள். அப்போதுதான் எங்களுக்கே தெரிந்தது. வழக்கம்போல அவரவர் இடத்தில் வந்து நின்றிருக்கிறோம். மயிலம்மாள் இடத்தை விட்டுவிட்டு நின்றிருக்கிறோம். யாரும் சொல்லிக்கொண்டு செய்யவில்லை. கால் தானாக அப்படி நின்றுவிட்டது.

“அங்க என்ன?” மாடியிலிருந்து முருகானந்தம் எட்டிப் பார்த்தார். “ஏம்மா, நெருங்கி நில்லுங்க.”

எங்கள் வேலையில் அது சாதாரணம். ஒருத்தர் தண்ணீர் குடிக்கப் போனால் மேலே இருப்பவர் ஒரு படி இறங்குவார், கீழே இருப்பவர் ஒரு படி ஏறுவார், இடைவெளி மூடிவிடும். நான் ஒரு படி இறங்கினால் போதும். என் கால் அசையவில்லை என்று சொல்ல ஆசைதான். உண்மையில் வலது கால் இறங்கிவிட்டது.

“அக்கா” என்றாள் வேணி. அவ்வளவுதான் சொன்னாள். அவள் ஏறவில்லை.

நான் காலை மேலே எடுத்துக்கொண்டேன்.

“சந்திராக்கா, காது கேக்கலையா? இறங்குங்க.”

“அது மயிலு இடம் சார்” என்றேன். என் குரல் எனக்கே புதிதாக இருந்தது.

முருகானந்தம் படியில் தடதடவென்று வந்தார். வேணிக்குக் கீழே நின்றவரைப் பார்த்து, “நீ மேல வாய்யா” என்றார். “அது மயிலக்கா இடம் சார்” என்றார் அவர். அதற்கும் கீழே நின்றவரும் அதையே சொன்னார். சந்து முனை வரைக்கும் அந்த ஒரு வார்த்தை சட்டி மாதிரியே கைமாறிப் போயிற்று, எதிர்ப்பக்கமாக. கடைசியில் பரக்கத் அலி மெஷினை நிறுத்திவிட்டார்.

“பாய், நீங்க ஏன் நிறுத்துறீங்க?”

“கலந்து கலந்து எங்க கொட்டுறது தம்பி, என் தலையிலயா?”

கலந்த கலவையை மட்டும் யாரும் வீணாக்கவில்லை. கீழே நின்ற ஆட்கள் அதை வாரிக்கொண்டு போய், அடுத்த வாரம் போட வேண்டிய தண்ணீர்த் தொட்டி அடித்தளத்தில் கொட்டி மட்டம் தட்டிவிட்டார்கள். மயிலுக்குக் கூலி கிடைக்காத கோபத்தில்கூட சிமெண்டு இறுகிப் போவதைப் பார்த்துக்கொண்டு நிற்க அவர்களால் முடியவில்லை.

“ஆளுக்கு இருநூறு சேத்துத் தரேன். நெருங்குங்க” என்றார் முருகானந்தம். யாரும் நெருங்கவில்லை. “சரி, எல்லாரும் இறங்குங்க. நான் வேற ஆள் கூட்டிட்டு வரேன்.”

மாடியில் கரண்டியோடு நின்ற வீரமலை அண்ணன் அப்போதுதான் வாயிலிருந்த பீடியை எடுத்தார். “முகூர்த்த நாள் சார். ஊர் பூரா தளம் போடுறாங்க. இன்னைக்குத் திருச்சியில சும்மா நிக்கிற சித்தாள் ஒருத்திதான். அவ எடமலைப்பட்டி புதூர்ல டீக்கடை முன்னாடி நிக்கிறா.”

யாரோ சிரித்தார்கள். முருகானந்தத்துக்கு ரோஷம் வந்துவிட்டது. “ஒரு எடத்துல நிக்கிறது என்ன பெரிய வித்தையா? நகருங்க, நானே நிக்கிறேன்.” சட்டைக்கையை மடித்துக்கொண்டு திருப்பத்தில் வந்து நின்றார். அவர் சிமெண்டுக் கடையில் கணக்கெழுதி மேலே வந்த ஆள். சட்டி தூக்கி வந்தவர் இல்லை. பாய் மறுபடியும் மெஷினை ஓட விட்டார்.

முதல் சட்டியை வாங்கினார். கனம் அவர் நினைத்ததைவிடக் கூட. முறுக்கித் திரும்பும்போது சட்டி சாய்ந்து பாதிக் கலவை அவர் பேண்டில் இறங்கியது. இரண்டாவது சட்டியில் விரல் சுவருக்கும் விளிம்புக்கும் நடுவில் மாட்டிக்கொண்டது. ஸ்ஸ் என்று படியில் வைத்துவிட்டு அப்படியே உட்கார்ந்தார். இரண்டே சட்டி. அதுவும் என் கை வரைக்கும் வரவில்லை.

வேணி கீழே போய் தண்ணீர் மொண்டு வந்து கொடுத்தாள். மடமடவென்று குடித்தார்.

“எந்தக் குடத்துத் தண்ணி தெரியுமா சார்?” என்றாள் வேணி. “நூத்தம்பது ரூவாக் குடம்.”

இந்தச் சத்தத்தில் ஆனந்தவள்ளியம்மா தாம்பாளத்தை வைத்துவிட்டுப் படியேறி வந்தார். “என்ன பிரச்சனை, ஏன் எல்லாரும் சும்மா நிக்கிறீங்க?”

“ஒண்ணுமில்ல மேடம், ஒரு ஆள் குறையுது” என்றார் முருகானந்தம்.

வீட்டுக்காரர்களிடம் நாங்கள் நேராகப் பேசுவதில்லை. அன்றைக்குப் பேசினேன். “இந்த எடத்துல நிக்கிறவங்களுக்குப் பத்தொம்பது நாள் கூலி வரலம்மா. கேட்டதுக்கு வேலையிலேருந்து நிறுத்திட்டாரு. ஞாயித்துக்கெழம வீட்டவிட்டு வெளிய போகணும் அவ.”

“ஏன் வரல?”

“நீங்க பணம் போடலன்னு சொன்னாரும்மா.”

அந்த அம்மா முருகானந்தத்தைப் பார்த்தார். கோபப்படவில்லை. கண்ணாடியை மாட்டிக்கொண்டு போனை எடுத்து, விரலால் தள்ளித் தள்ளி, ஓரிடத்தில் நிறுத்தி அவர் முன்னால் நீட்டினார். “தளம் வரைக்கும் பேசின பணம் போன மாசம் ஏழாம் தேதியே போயிருக்கு தம்பி. என் ரிட்டயர்மென்ட் காசு. இவங்க வயித்துல அடிச்சு எழுப்புற வீட்டுல நான் எப்படித் தூங்குறது?” பிறகு சேலையை ஒதுக்கிக்கொண்டு படியிலேயே உட்கார்ந்துவிட்டார். “பத்தரை வரைக்கும் டைம் இருக்கு. நான் இங்கதான் இருக்கேன்.”

முருகானந்தம் மயிலம்மாளுக்குப் போன் போட்டார். மணி அடித்து அடித்து நின்றது. இன்னொரு தடவை போட்டார். அவள் எடுக்கவில்லை. நாற்பது தடவை அவருக்குப் போட்டவள் அவள்.

என்னிடம் திரும்பினார். நான் என் போனைத் தேடி எடுத்தேன். ம என்ற எழுத்தில் அவள் பெயரை இப்போதெல்லாம் நானே கண்டுபிடித்துவிடுவேன். முதல் மணியிலேயே எடுத்தாள்.

“என்ன சந்திரா, வேலை நேரத்துல? யாருக்காவது அடிகிடி பட்டுருச்சா?”

அவளுக்கு முதலில் வந்த வார்த்தை அது. நடந்ததைச் சொன்னேன்.

“என் எடத்துல யாரும் நிக்கலையா?”

“யாரும் நிக்கல.”

“நீ?”

“நானும்தான்.”

“ஸ்பீக்கர்ல போடு” என்றாள். போட்டேன்.

“அக்கா, பாதி இப்ப அனுப்பிடறேன். மீதி தளம் முடிஞ்சதும்” என்றார் முருகானந்தம்.

“சரிங்க சார். நானும் பாதிப் படி வரைக்கும் வரேன்.”

படிக்கட்டு முழுக்கச் சிரிப்பு எழுந்தது. ஆனந்தவள்ளியம்மாவும் சேலைத் தலைப்பால் வாயைப் பொத்திக்கொண்டார். முருகானந்தம் போனைத் தட்டி முழுக் கூலியையும் அனுப்பினார். மயிலம்மாள் தனக்கு வந்த மெசேஜை டீக்கடைக்காரரிடம் காட்டி, அவர் பதின்மூன்றாயிரத்து முந்நூறு என்று இரண்டு தடவை வாசித்த பிறகு, “ஆட்டோவுக்கு யாரு குடுக்குறது?” என்று கேட்டாள். அதையும் தானே கொடுப்பதாக முருகானந்தம் சொன்னார்.

மணி அப்போது ஒன்பது நாற்பத்தைந்து. நாங்கள் யாரும் இறங்கவில்லை. அவரவர் படியில் அப்படியே உட்கார்ந்திருந்தோம், நடுவில் அந்த ஒரு படியை மட்டும் காலியாக விட்டு. சந்தில் ஆட்டோ சத்தம் கேட்கும்போது மணி பத்து இருபது.

மயிலம்மாள் ஆட்டோவிலிருந்து இறங்கினாள். நாங்கள் கைதட்டவில்லை. சேலையைத் தூக்கிச் செருகி, தலையில் துண்டைக் கட்டி, ஒவ்வொருவரையும் தாண்டி ஏறி வந்தாள். என்னைப் பார்த்தபோது மட்டும், “கால எடுத்து வச்சியாமே கீழ” என்றாள். வேணி அதற்குள் எப்போது சொன்னாளோ தெரியவில்லை.

“திரும்ப எடுத்துட்டேன்ல” என்றேன்.

“எடுத்துட்ட” என்றாள். தன் படியில் நின்றாள்.

பாய் மெஷினைத் தட்டினார். பத்து இருபத்தாறுக்கு முதல் சட்டி மாடியில் விழுந்தது. அன்று போட்ட தளம் மாதிரி நாங்கள் வேகமாக எதையும் போட்டதில்லை. சாயங்காலம் நாலு மணிக்கெல்லாம் வீரமலை அண்ணன் மட்டக்கட்டையை இழுத்து முடித்துவிட்டார்.

இது நடந்து ஒரு வருஷத்துக்கு மேலாகிறது. ஞாயிற்றுக்கிழமை கிரைண்டர் உள்ளே போயிற்று. முருகானந்தம் இப்போதும் எங்களைத்தான் கூப்பிடுகிறார். சனிக்கிழமை நாலு மணிக்கு முன்பே கூலி வந்துவிடுகிறது, எல்லாருக்கும். அதைவிடப் பெரிய விஷயம், நாங்கள் யாருக்கும் சொல்லிக்கொடுக்காமலே இது பரவியதுதான். முக்கொம்புப் பக்கம் ஒரு சைட்டில் கம்பி கட்டுகிறவனுக்குக் காசு தராமல் இழுத்தடித்தார்களாம். தளம் போடுகிற அன்று வரிசையில் ஓர் ஆள் இடத்தை விட்டு நின்றார்களாம். அங்கே யாரும் எங்களை அறியார்கள். சண்டை இல்லை, கொடி இல்லை, ஒருத்தரும் குரல் உயர்த்தவில்லை, ஓர் அடி இடம்தான். இரண்டு நாள் பட்டினியில் எங்களால் முடியாததை அந்த ஓர் அடி முடித்துக் கொடுத்தது. வேலையை விட்டுவிட்டு வெளியே நின்றபோது நாங்கள் தனித்தனியாகப் பசித்தோம். வேலையில் கைகோத்து நின்றபோதுதான் எங்கள் பலம் எங்களுக்கே தெரிந்தது.

தளம் முடிந்த அன்று சாயங்காலம் கை கால் கழுவிக்கொண்டிருந்தபோது முருகானந்தம் மயிலம்மாளிடம் வந்தார். பேண்டில் கலவை காய்ந்து வெள்ளையாக இருந்தது. பர்ஸைத் திறந்தார். “அந்த நூத்தம்பது பாக்கி இருக்குக்கா. ஐந்நூறாதான் இருக்கு. சில்லறை இருக்கா?”

“சில்லறை எதுக்கு சார்? குடத்தையே எடுத்துக்கிறேன்.”

மிச்சமிருந்த தண்ணீரை எங்கள் கைகளில் ஊற்றிவிட்டு, குடத்தைக் கவிழ்த்து உதறி இடுப்பில் வைத்துக்கொண்டாள்.

டவுன் பஸ்ஸில் கூட்டம். கண்டக்டர் எங்களுக்கெல்லாம் இலவச டிக்கெட்டைக் கிழித்துக் கொடுத்துவிட்டுக் குடத்தைப் பார்த்தார். “இது எடத்த அடைக்குதேம்மா. இதுக்கு யாரு டிக்கெட் எடுக்கிறது?”

“அதுவும் எங்களோட வேலைக்கு வந்துட்டுப் போவுதுண்ணே” என்றாள் வேணி. “எங்க கணக்குலயே எழுதிக்குங்க.”

கண்டக்டர் சிரித்துக்கொண்டே நகர்ந்தார். பஸ் காவிரிப் பாலத்தில் ஏறியது. மயிலம்மாள் குடத்தை மடியில் வைத்துக்கொண்டு, அதன் வாயில் கன்னத்தைச் சாய்த்து அப்படியே தூங்கிப் போனாள். முருகானந்தம் அவளுக்குக் கொடுக்க வேண்டிய பழைய பாக்கி இனி ஒன்றும் இல்லை.